மேட்டின் வயிறு

பூங்கா மேட்டில் கோரை முளைத்திருக்கிறதென்று பிடுங்கப் போன சண்முகப்பிரியாவின் கையில் சிவப்பாய் ஒரு துணிவார் வந்தது. யாரோ போட்ட குப்பையாக்கும் என்று இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். இன்னும் வந்தது. முழங்கைக்கு மேல் நீண்ட பிறகுதான் இழுப்பதை நிறுத்தினாள். மேலே கிடக்கிற குப்பை இப்படி வராது. இது மண்ணுக்கு உள்ளேயிருந்து வருகிறது.

துணியை விரித்துப் பார்த்தாள். வருஷக்கணக்கில் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நின்று ஓட்டை, கறை, நூல் விட்டது என்று பார்த்துத் தள்ளியவள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வலிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த வேலையை விட்டாள். அவளுக்கு இது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கழுத்துப் பட்டிக்கு வெட்டியது போக மிஞ்சிய ரிப் துணி. கட்டிங் வேஸ்ட். நனைந்து, ஊறி, கெட்ட வாடை அடித்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைத் திரும்பவும் உள்ளேயே திணித்து, மண்ணை அள்ளிப் போட்டு மிதித்தாள். மிதித்த இடம் அமுங்கிற்று. காலை எடுத்ததும் மெதுவாய் மேலே எழுந்தது. மண் அமுங்கும், வாஸ்தவம். அமுங்கிய மண் எழுந்து அவள் பார்த்ததில்லை.

அருள்புரத்தை ஒட்டி ஓடைக்கரையில் இருக்கிறது அந்தப் பூங்கா. மூணு மாசத்துக்கு முன்னால் வரைக்கும் அது சீமைக்கருவேலமும் சாராய பாட்டிலும் கிடந்த இடம். நாலைந்து முதலாளிகள் சேர்ந்து பணம் போட்டு, கோயமுத்தூரிலிருந்து அனுப்பிரியா என்கிற பொண்ணை வரவழைத்துப் படம் போடச் சொன்னார்கள். பூங்கா, தெரு, ஏரிக்கரை இதற்கெல்லாம் படம் போடுவதற்கென்றே தனியாய்ப் படித்த பொண்ணு. வந்ததும் அவள் படம் போடவில்லை. ஒரு வாரம் சாயங்காலம் பொழுதோட வந்து லைன் வீடுகளுக்கு நடுவில் நின்று, பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வேலை வெட்டி இல்லாத பிள்ளை போல என்று ஊரே பேசிற்று. பத்துக்குப் பத்து அறை, வாசலிலேயே அடுத்த வீட்டு வாசல், நடுவில் சாக்கடை. இந்தப் பிள்ளைகள் ஒரு உயரத்தில் ஏறி நின்று கீழே பார்த்ததே இல்லை என்று கண்டுபிடித்தாள். அதனால்தான் பூங்கா நடுவில் மேடு. ரெண்டு ஆள் உயரம், சுற்றிலும் புல், ஏறலாம், உருளலாம். மேட்டின் வயிற்றுக்குள்ளே இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வர ஒரு சிமெண்ட் குழாய். எதிரே படிக்கட்டு மாதிரி வரிசை வரிசையாய்க் கல். ஷிப்ட் முடிந்து வரும் அம்மாக்கள் எந்தக் கல்லில் உட்கார்ந்தாலும் குழாயின் ரெண்டு வாயும் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். அந்தப் பொண்ணுக்கு நல்ல மனசு. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மேட்டைக் கட்டினது சண்முகப்பிரியாவின் புருஷன் குணா.

அதுதான் விஷயம். பெரிய காண்ட்ராக்டர் பொங்கியண்ணன் மொத்த வேலையையும் எடுத்து, மண் வேலையைக் குணாவுக்குக் கொடுத்தார். தோட்ட வேலையை அவன் பெண்டாட்டிக்கே கொடுத்துவிட்டார். தண்ணீர் விடுவது, புல் வெட்டுவது, கேட்டைத் திறந்து பூட்டுவது எல்லாம் அவள்தான். குணாவின் வீடு தறிக்காரக் குடும்பம். முருகனுக்குக் காவடி எடுக்காமல் ஒரு தைப்பூசம் போனது கிடையாது. அப்பன் போன பிறகு தறியை எடைக்குப் போட்டுவிட்டு வேஸ்ட் குடோன் வைத்தான். அது படுத்தது. அப்புறம் ஜேசிபிக்காரனோடு சேர்ந்து மண் வேலைக்கு வந்தான். குடோன் மட்டும் மூட்டை மூட்டையாய்க் கலர் வேஸ்ட்டோடு அப்படியே கிடந்தது. அந்தக் குடோன் போன மாசம் காலியானதைச் சண்முகப்பிரியா பார்த்தாள். விற்றுவிட்டார் போல என்று சந்தோஷம்கூடப் பட்டாள். அதெல்லாம் எங்கே போயிற்று என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மத்தியானம் வீட்டுக்குப் போனாள். அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி வைத்துவிட்டுத்தான் காலையில் கிளம்பியிருந்தாள். குணா தட்டைப் போட்டு உட்கார்ந்து நெய்யை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். அவனுக்கு அது இருந்தால் போதும், பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

"ஏனுங்க, அந்த மேட்டுக்குள்ள என்ன போட்டீங்க?"

"மண்ணுதான்."

"மண்ணு மட்டும்ங்களா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கையைக் கழுவினான். கல்யாணமான நாளாய் அவன் அப்படிச் செய்து அவள் கண்டதில்லை.

விஷயம் அவன் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய்த்தான் வந்தது. கல்வெட்டு அடித்து, திறப்பு விழாவுக்கு நாள் குறித்த பிறகு மண் லாரி நின்றுபோயிற்று. அள்ளுகிற இடத்தில் பெர்மிட் கிடைக்கவில்லை. பொங்கியண்ணன் காலையில் ஒரு போன், பொழுதோட ஒரு போன் என்று உயிரை எடுத்தார். குழாயைப் போட்டாயிற்று, சுற்றி நிரப்ப மண் இல்லை. குடோனிலோ வாங்க ஆள் இல்லாமல் வேஸ்ட் கிடக்கிறது. ராவோடு ராவாய் ஒரு லோடு மண், ஒரு லோடு மூட்டை, மேலே தடியாய் மண், அதற்கு மேல் புல். முடிந்தது கதை.

கேட்டால் பைத்தியக்காரத்தனமாய்த் தெரியும். ஆனால் திருப்பூர்க்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வராது. இந்த ஊரில் வேஸ்ட் என்றால் வேஸ்ட் இல்லை. மெஷின் துடைக்க அதுதான், வண்டி துடைக்க அதுதான். தலையணைக்குள் அது, தண்ணீர்த் தொட்டி ஓட்டையில் அது. மழைக்குச் சேறான சந்தில் டயர் மாட்டிக்கொண்டால் பக்கத்துக் கம்பெனியில் கேட்டு ஒரு மூட்டை வாங்கிப் போட்டு வண்டியை ஏற்றிப் போய்விடுவார்கள். பிறந்ததிலிருந்து அதன் மேலேயே புரண்டு வளர்ந்தவனுக்கு, அது தாங்காது என்று எப்படித் தோன்றும்?

"நம்ம குடோன் தரைக்கு அடியில பூராம் அதுதான்டி. மேல லாரி நிக்குது. இன்னைக்கு வரைக்கும் ஒரு விரிசல் உட்டிருக்குதா?"

"குடோனுக்கு மேல கூரை இருக்குதுங்க. இதுக்கு மேல மழையில்ல பேயுது. அடியில கொழந்தைக போகுதுங்க."

"கொழந்தைக போறது பைப்புக்குள்ள. பைப்பு சிமெண்ட்டு."

"பைப்பு ஒரே பைப்புங்களா?"

துண்டு துண்டாய் வந்த குழாய்களை ஒன்றோடொன்று முட்டவைத்துத்தான் புதைத்தார்கள். அதை அவளே கூட நின்று பார்த்திருக்கிறாள். அடியில் கெட்டியாய் மண் இருந்தால் குழாய் நகராது. அடியில் நனைந்த துணி இருந்தால்?

முதலிபாளையத்துப் பக்கம் வரப்போகிற அடுத்த பூங்காவும் நமக்குத்தான் என்று பொங்கியண்ணன் வாக்குக் கொடுத்திருப்பதைக் குணா சொன்னான். இது வெளியே போனால் அவர் முகத்தில் முழிக்க முடியாது, ஊரில் ஒருத்தன் ஒரு கூடை மண் அள்ளக்கூடக் கூப்பிடமாட்டான் என்றான். கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"நீ வாயத் தொறந்தீன்னா, அப்பறம் என்னைய ஜெயில்லதான் வந்து பாக்கோணும். பாத்துக்க."

அவன் மிரட்டியிருந்தால் அவளும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். அவன் மிரட்டவில்லை. அவன் பயந்துபோயிருந்தான். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு நிஜமான பயம் பிடித்தது.

அன்றிலிருந்து சண்முகப்பிரியாவின் பிழைப்பு நாய்ப் பிழைப்பாயிற்று. காலையில் கேட்டைத் திறந்ததும் முதல் வேலை மேட்டைச் சுற்றி வருவது. எங்காவது வெடித்திருக்கிறதா, சரிந்திருக்கிறதா, துணி எட்டிப் பார்க்கிறதா. தண்ணீர் விட்டால்தானே உள்ளே நனையும் என்று நினைத்து மேட்டுக்கு மட்டும் ஓஸைத் திருப்பாமல் விட்டாள். வெயிலும் பல்லடத்துக் காற்றும் சேர்ந்து உலர்த்தி எடுத்தது. நாலே நாளில் பூங்கா முழுக்கப் பச்சையும் மேடு மட்டும் காய்ந்த நாருமாய் நின்றது. புல் காய்ந்தால் வேர் பிடிக்காது, மழைக்கு மண் கரைந்து போகும் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. விட்டாலும் தப்பு, விடாவிட்டாலும் தப்பு.

வியாழக்கிழமை அனுப்பிரியா வந்தாள். தொப்பியும் தோளில் பையுமாய், நேராய் மேட்டுக்குத்தான் போனாள்.

"மேட்டுல மட்டும் ஏங்க்கா புல்லு காயுது?"

மோட்டார் சரியாய் எடுக்கவில்லை, மேலே ஏறவில்லை என்று என்னத்தையோ சொன்னாள் சண்முகப்பிரியா. அனுப்பிரியா திட்டவில்லை. மழைக்கு முன்னால் வேர் பிடித்தாக வேண்டும், ரெண்டு வேளையும் தண்ணீர் விடுங்கள் என்று பொறுமையாய்ச் சொன்னாள். பிள்ளைகள் எந்தப் பக்கமாய் அதிகம் ஏறுகிறார்கள், அம்மாக்கள் எந்தக் கல்லில் உட்காருகிறார்கள் என்று கேட்டாள். ஒரு பிள்ளை மேலே நின்று "நான்தான் பெருசு" என்று கத்திற்று என்று சண்முகப்பிரியா சொன்னபோது அனுப்பிரியாவின் முகம் அப்படி மலர்ந்தது. அதைப் பார்க்க முடியாமல் சண்முகப்பிரியா திரும்பிக்கொண்டு ஓஸைக் கையில் எடுத்தாள். அப்புறம் அந்தப் பொண்ணு ஓடைப் பக்கம் போய்க் குனிந்து, மேட்டைக் கண்ணுக்கு நேராய் வைத்துப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் லேசா எறங்குன மாதிரி இருக்குதே. ரோலர் போட்டுத்தானக்கா மண்ண ஏத்துனாங்க? நீங்க இருந்தீங்கல்ல?"

சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம். தட்டில் கை கழுவின குணாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"ஆமாங்க மேடம். போட்டாங்க."

புது மண் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், எதுக்கும் வரும் வாரம் இன்ஜினியரைக் கூட்டி வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பிரியா போய்விட்டாள். அவள் கார் மெயின் ரோட்டில் ஏறும்வரைக்கும் சண்முகப்பிரியா ஓஸைப் பிடித்தபடி நின்றாள். தண்ணீர் அவள் காலிலேயே போய்க்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் ஒரு காரியம் செய்தாள். யோசித்துச் செய்ததில்லை, கை தானாய்ச் செய்தது. பள்ளிக்கூடம் விட்டு நேரே பூங்காவுக்கு வரும் தன் மகள் தர்ஷிகாவைக் குழாய் பக்கம் போகவிடாமல் நிறுத்திக்கொண்டாள். மூணாங்கிளாஸ் படிக்கிற வாயாடி. ஏன் என்று கேட்டுத் துளைத்தாள். உள்ளே பூரான் இருக்கிறது என்றாள் தாய். அப்ப மத்தவங்களைக் கடிக்காதா என்றாள் மகள். சண்முகப்பிரியா அவள் கையைப் பிடித்து இழுத்துக் கல்லில் உட்காரவைத்து, வீட்டுப்பாடத்தை எழுதச் சொன்னாள். எதிரே மற்ற பிள்ளைகள் ஒரு வாயில் நுழைந்து மறு வாயில் கூச்சலோடு வெளியே வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தலையும் வெளியே வரும்வரைக்கும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் தடுக்கவில்லை. ஏன் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம், அவள் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதைக் கேட்க வேண்டாம். கம்பெனி லீவு, கறி எடுத்துத் தின்றாயிற்று, துணி துவைத்தாயிற்று, இனி எங்கே போவது? ஊரே பூங்காவில்தான் இருந்தது. முதல் நாள் சாயங்காலம் அடித்த மழையில் ஓடை கலங்கலாய் ஓடிற்று. மறுபடியும் தெற்கே மேகம் கருக்கல் கட்டி, காற்றில் ஈர வாடை வந்தது. மழை வருவதற்குள் ஆடித் தீர்த்துவிட வேண்டுமென்று பிள்ளைகள் கூட்டம் குழாய் வாயில் முண்டிற்று. மேட்டின் ஓடைப் பக்கம் காலையிலிருந்ததைவிட இன்னும் தணிந்திருந்தது. அதை அவள் மட்டும்தான் பார்த்தாள்.

கல்லில் பக்கத்தில் சீனியம்மாள் உட்கார்ந்திருந்தாள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து புருஷன் ஜெயபாண்டியோடு வந்தவள், ரெண்டு பேரும் ஒரே கம்பெனியில் டெய்லர். ரெண்டு பிள்ளைகள், ரெண்டும் குழாய்க்குள்தான் குடியிருக்கும். முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துத் தர்ஷிகாவுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, ஊர்ப் பேச்சும் கம்பெனிப் பேச்சுமாய்ப் பேசிக்கொண்டிருந்தாள். சண்முகப்பிரியாவின் காதில் எதுவும் ஏறவில்லை. சித்த நேரம் கழித்துச் சீனியம்மாள் பேச்சை நிறுத்தி, அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க்கா, நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். உங்க பிள்ளைய மட்டும் அதுக்குள்ள விட மாட்டேங்குதீக. எதுக்கு?"

குத்தலாய்க் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சண்முகப்பிரியா எழுந்தாள். எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. குழாய் வாய்க்குப் போய், நுழையப் போன ஒரு பிள்ளையின் தோளைப் பிடித்து நிறுத்தினாள். உள்ளே இருந்தவர்களைப் பேர் சொல்லி அழைத்து வெளியே எடுத்தாள். கடைசித் தலை வெளியே வந்ததும் குழாய் வாயை மறைத்து நின்றுகொண்டாள். அம்மாக்கள் எழுந்து வந்தார்கள். என்னாச்சு, பாம்பா என்று கேட்டார்கள்.

"உள்ள மண்ணு இல்லீங்க. வேஸ்ட்டு. எங்கூட்டுக்காரர் போட்டது. எறங்கிட்டு இருக்குதுங்க."

நாலு பேருக்குப் புரியவில்லை. புரிந்தவர்களிலும் பாதிப் பேர் சிரித்தார்கள். வேஸ்ட்தானே, விழுந்தாலும் அடிபடாது, மெத்தையாட்டம் இருக்கும் என்றது ஒரு குரல். தானும் வீட்டு வாசல் பள்ளத்தில் அதைத்தான் போட்டிருப்பதாய் இன்னொரு ஆள் சொன்னான். பிள்ளைகள் ஆடுகிற நேரத்தில் இந்த அம்மா என்னத்துக்கு வம்பு பண்ணுகிறது என்று முணுமுணுப்பு எழுந்தது. ஜெயபாண்டி மட்டும் சிரிக்காமல் போனை எடுத்துக் குணாவைக் கூப்பிட்டான்.

குணா பைக்கில் வந்து இறங்கியபோது பெரிய பெரிய துளியாய் விழ ஆரம்பித்திருந்தது. கூட்டத்தைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் ஆம்பளை, விட்டுக்கொடுப்பானா? வாயெல்லாம் சிரிப்பாய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். நாலு மூட்டை வேஸ்ட் ஓரத்தில் போட்டது நிஜம்தான், அதுக்குப் போய் இவள் பயந்துக்கிறா, இதா நானே போய்ட்டு வாரன் பாருங்க என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தான். சண்முகப்பிரியா அவன் கையைப் பிடித்தாள். வேண்டாமுங்க என்றாள். அவன் உதறிவிட்டு நுழைந்தான்.

பிள்ளைகளுக்கான குழாய். அவனுக்குத் தவழத்தான் முடியும். கால் மறைகிற வரைக்கும் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் வர இவ்வளவு நேரம் ஆகாது. பிள்ளைகள் இதற்குள் ரெண்டு தடவை போய் வந்திருப்பார்கள். உள்ளே ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது, நின்றது. முருகா, முருகா என்று அவள் வாய் முனகிற்று. அவனைக் காட்டிக் கொடுத்த அதே வாய். அவன் உள்ளேயே செத்துப்போனால் அப்புறம் யாரைக் காப்பாற்றி என்ன, என்ற நினைப்போடு, ரெண்டு வாயும் தெரிகிற இடத்துக்குப் பின்வாங்கினாள்.

மறு வாயில் தலை தெரிந்தது. எழுந்து நின்றான். முட்டியிலும் மார்பிலும் கருப்பாய்த் தண்ணீர் சொட்டிற்று. வலது கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டையில் துடைத்தான்.

"ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்குது," என்றான்.

குரல் சரியாய்த்தான் இருந்தது. கூட்டத்துக்கு அது போதும். நான் சொல்லலையா என்று யாரோ சிரித்தார்கள். பிள்ளைகள் திரும்பவும் வரிசை கட்டினார்கள். சீனியம்மாளின் மூத்தவன் முதல் ஆளாய் முட்டியை ஊன்றினான்.

சண்முகப்பிரியா குணாவின் கண்ணைத்தான் பார்த்தாள். அத்தனை வருஷம் செக்கிங் டேபிளில் பீஸைப் பார்த்த மாதிரி பார்த்தாள், பழுது தெரிந்தது. அப்புறம் தர்ஷிகாவிடம் போய் அவள் கையைப் பிடித்துக் குழாய் வாய்க்குக் கூட்டி வந்தாள். சீனியம்மாளின் மகனைத் தள்ளி நிறுத்திவிட்டு, புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"சரீங்க. அப்ப மொதல்ல நம்ம புள்ள போகட்டும்."

கேட்டதுதான் தாமதம், தர்ஷிகா பாய்ந்தாள். இத்தனை நாள் கிடைக்காத பாக்கியம். குனிந்து தலையை நுழைத்தாள், தோள் நுழைந்தது. சண்முகப்பிரியா தடுக்கவில்லை. அவனையே பார்த்தபடி நின்றாள். குணா அந்தப் பக்கத்திலிருந்து மேட்டைச் சுற்றி ஓடி வந்தான். சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து, மகளின் கணுக்காலைப் பிடித்து வெளியே இழுத்துத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். பிள்ளை முட்டி சிராய்த்து அழுதது. அவன் விடவில்லை.

மழை வலுத்தது. சிரித்த ஆட்களெல்லாம் குழாயைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள்.

"ஜாயிண்ட்டு உட்டிருச்சு," என்றான் குணா. பிள்ளையின் தலைக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். "கையி உள்ள போகுது. மேல பைப்பு தொங்குதுங்க. யாரும் போகாதீங்க."

அப்புறம் பெண்டாட்டியிடம் போனைக் கேட்டான். அந்த மேடத்தைக் கூப்பிடு, நானே சொல்லிக்கிறேன் என்றான். அவள் நம்பரைத் தேடிப் போட்டுக் கொடுத்தாள். அவன் கேட்டுப் பக்கம் நடந்துகொண்டே பேசியது மழையில் கேட்கவில்லை. அவளுக்கு முதல் தடவையாய் மூச்சு முழுசாய் வந்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு ஜனம் கலைந்தது. ஜெயபாண்டி ரெண்டு கல்லை உருட்டி வந்து குழாயின் வாயை அடைத்தான்.

சீனியம்மாள் மட்டும் போகவில்லை. ரெண்டு பிள்ளைகளையும் ரெண்டு கையில் பிடித்துக்கொண்டு, நனைந்தபடி அவளெதிரே வந்து நின்றாள். நல்ல காலம் சொல்லிட்டீகக்கா என்று கும்பிடத்தான் போகிறாள் என்று சண்முகப்பிரியா நினைத்தாள்.

"இத்தன நாளா எம்பிள்ளைக உள்ள போய்ப் போய் வந்துச்சுகளேக்கா," என்றாள் சீனியம்மாள். "நீங்க பாத்துக்கிட்டுத்தான உக்காந்திருந்தீக."

சீனியம்மாள் பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லைன் வீட்டுப் பக்கம் நடந்தாள்.